தெருவைப் பார்க்காத ஷூ

கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் நாம் மேடையைப் பார்ப்போம், பூ அலங்காரத்தைப் பார்ப்போம், தெரிந்த முகம் ஏதாவது தென்படுகிறதா என்று பார்ப்போம். அம்சவேணி தரையைப் பார்ப்பார். சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, கால் கட்டைவிரலால் டைல்ஸைத் தேய்த்துப் பார்ப்பார். பிறகு சமையற்கட்டிலிருந்து பந்தி வரைக்கும் வெறுங்கையோடு ஒரு நடை. வழியில் எங்கே படி இருக்கிறது, கை கழுவும் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது, சிலிண்டர்களை வெளியே வைக்க இடம் உண்டா, அடுப்புப் பக்கம் நெருப்புப் பிடித்தால் ஓடுவதற்கு இன்னொரு கதவு இருக்கிறதா. இதையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் மண்டபத்து மேனேஜரிடம் திரும்பி, "இன்னாங்க, நல்லா கீறீங்களா?" என்று கேட்பார்.

ஆம்பூரைச் சுற்றி நடக்கும் விசேஷங்களில் இலை போட்டு, பரிமாறி, இலை எடுக்கும் வேலைக்குச் சப்ளை என்று பெயர். அம்சவேணி ஒரு சப்ளை செட்டு வைத்திருக்கிறார். எல்லோரும் பெண்கள், பெரும்பாலும் அவருடைய தெருவையும் அடுத்த தெருவையும் சேர்ந்தவர்கள். அவர்களைப் பற்றி எனக்குப் பாதியை அம்சவேணி சொன்னார். மீதியைச் சொன்னவர் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் கலையரசி. இருவர் சொன்னதும் ஒத்துப்போகாத இடங்களில் நான் கலையரசியை நம்பியிருக்கிறேன். அம்சவேணி தன்னைப் பற்றிக் கொஞ்சம் குறைத்தே சொல்லும் சுபாவம் உள்ளவர்.

அவர் முதலில் ஷூ கம்பெனியில் இருந்தவர். கல்யாணமாகி ஆம்பூர் பக்கம் வந்ததிலிருந்து ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவில்தான் வேலை. கம்பெனி பஸ் காலையில் தெருமுனையில் ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். அவர் தைத்த ஷூக்கள் கப்பலேறி எங்கெங்கோ போயின. கொரோனாவுக்குப் பிறகு ஆர்டர் குறைந்து அவருடைய லைனை மூடிவிட்டார்கள். கணவர் செங்கல்வராயன் ஒரு பால் பண்ணையில் வண்டி ஓட்டுகிறவர். ஒரு ஆள் சம்பாத்தியத்தில் வீடு தள்ளாடியது. அப்போதுதான் கலையரசி வந்து கூப்பிட்டார்.

"வேணிக்கா, ரிசப்ஷனுக்கு சப்ளைக்கு ஆளு கம்மியா கீதாம். வர்றியா? ஒன்னும் கஷ்டம் இல்ல. சிரிச்ச மூஞ்சியா நின்னா போதும்."

போனார். அன்றைக்கு நடந்ததை அவர் எந்தக் கோபமும் இல்லாமல்தான் சொல்கிறார்.

ஆம்பூரில் ஒரு மண்டபம். பிரியாணிக்கு ஜியாவுல்லா பாய். பெரிய தாடியும் சின்னக் குரலுமாக இருக்கும் சமையல் மாஸ்டர். முதல் பந்தி கூட்டம் தாங்கவில்லை. அம்சவேணி விளிம்பு வரைக்கும் நிரப்பிய தால்ச்சா வாளியைத் தூக்கிக்கொண்டு வேகமாகத் திரும்பினார். கை கழுவும் இடத்துத் தண்ணீர் வழியெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. தேய்ந்த ரப்பர் செருப்பு வழுக்கியது. வாளி முழுவதும் அவருடைய வலது காலில் கொட்டியது.

தால்ச்சா பருப்புக் குழம்பு. தண்ணீர் மாதிரி ஓடிவிடாது, தோலோடு ஒட்டிக்கொள்ளும். அவர் போட்ட அலறலில் பாட்டுக் கச்சேரியே ஒரு நொடி நின்றதாம். யாரோ இங்க் கொண்டுவா என்றார்கள். யாரோ இட்லி மாவு என்றார்கள். ஒருவர் பேஸ்ட் டியூபைத் திறந்துகொண்டே ஓடிவந்தார். அதற்குள் ஜியாவுல்லா பாய் அடுப்பை விட்டுவிட்டு வந்து, அவரைத் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பாத்திரம் கழுவும் குழாயடியில் உட்கார வைத்தார். குழாயைத் திறந்து காலை அடியில் நீட்டச் சொன்னார்.

"நான் சொல்ற வரைக்கும் எடுக்காதம்மா."

"எரியுது பாய், உயிர் போவுது."

"எரியட்டும். தண்ணி ஓடட்டும். யாரும் மாவு கீவு பூசக்கூடாது, சொல்லிட்டேன். தள்ளுங்க."

பேஸ்ட் டியூபோடு வந்தவர் பின்வாங்கினார். பாய் அங்கேயே குந்தி உட்கார்ந்துகொண்டார். பிரியாணி வேகும் தேக்சாவைப் பற்றி ஒருவர் வந்து கேட்டபோது, "தம் போட்டாச்சு, அது கெடக்கட்டும்" என்றார். வெகுநேரம் தண்ணீர் ஓடியது. பிறகு சுத்தமான வேட்டித் துணி ஒன்றை நனைத்துக் காலின்மேல் லேசாகப் போட்டு, மண்டபத்துக்காரர் காரைக் கேட்டு வாங்கி, கலையரசியைத் துணைக்கு ஏற்றி, தானே வேலூருக்கு ஓட்டினார். அன்றைய பிரியாணியை அவருடைய தம்பி திறந்து பரிமாறினாராம்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட டாக்டர் அம்மா, "யார் உங்களத் தண்ணியில உட்கார வெச்சது?" என்று கேட்டார். வெளியே பெஞ்சில் மசாலா வாசனையோடு உட்கார்ந்திருந்தவரைக் கலையரசி காட்டினார். "அவருக்கு நன்றி சொல்லுங்க. இல்லன்னா தோல் எடுத்து ஒட்ட வேண்டி வந்திருக்கும்" என்றார் டாக்டர்.

நன்றி சொல்லப் போன அம்சவேணிக்கு அழுகைதான் வந்தது. பாய்தான் பேசினார். "எங்க அப்பாவுக்கு எண்ணெ கொட்டினப்ப மாவு பூசினாங்கம்மா. சீழ் வெச்சி, கடைசி வரைக்கும் அவரால காலை மடக்கித் தொழுவ முடியல. அதான் நான் யாரையும் பூச வுடறதில்ல."

கால் ஆறும்வரை அம்சவேணி வீட்டில் படுத்திருந்தார். செங்கல்வராயன் காலையில் சோறு வடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போவார். தெருப் பெண்கள் முறை வைத்துக் குழம்பு கொண்டுவந்து கொடுத்தார்கள். பார்க்க வந்தவர்களெல்லாம், "உன் நேரம் சரியில்ல" என்றார்கள். அவரும் முதலில் அப்படித்தான் நினைத்தார். படுத்தே கிடந்ததில் அன்றைய நிகழ்ச்சி திரும்பத் திரும்ப வந்தது. வர வர அது நேரம் செய்த வேலையாகத் தெரியவில்லை.

"வாளி பாதி இருந்திருந்தா, வுழுந்தாலும் அவ்ளோ கொட்டியிருக்காது இல்ல?" என்று கலையரசியிடம் கேட்டார்.

"ஆமா."

"காலைலேந்து நான் ஒன்னும் சாப்புடல. தலை லேசா சுத்திகினு இருந்துச்சி."

"யாருதான் சாப்புட்டா? நம்மளுக்கு கடைசி பந்திதான."

"அந்தத் தண்ணிய ஒருத்தி தொடைச்சிகினே இருந்திருந்தா?"

"அதுக்கு ஒரு ஆள வுடுவாங்களாக்கா?"

"ஏன் வுடக்கூடாது?"

அந்தக் கேள்வியில்தான் செட்டு பிறந்தது என்று கலையரசி சொல்கிறார். அம்சவேணி வேறு ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறார். கம்பெனியில் மாதத்துக்கு ஒருமுறை சைரன் ஊதும். எல்லோரும் மிஷினை நிறுத்திவிட்டு மஞ்சள் கோடு போட்ட வழியில் வெளியே போய் மைதானத்தில் வரிசையாக நிற்க வேண்டும். வெளிநாட்டு ஆடிட்காரர்கள் கேட்கிறார்கள் என்பதற்காகச் செய்த டிரில். பெண்களுக்கு அது வெயிலில் நின்று கதை பேசும் நேரம். "அப்ப சிரிச்சிகினு நின்னோம். ஆனா பாருங்க, எந்தக் கதவு எங்க கீதுன்னு கண்ண மூடிகினு சொல்லுவேன். அந்தப் பழக்கத்த குடுத்த கம்பெனிக்குக் கும்புடு போடணும்."

முதல் விசேஷத்தை வாங்கிக் கொடுத்தவரும் ஜியாவுல்லா பாய்தான். "நீ ஆளுங்கள சேத்துகினு வா. நான் சமைக்கற எடத்துல நீ சப்ளை" என்றார். கால் தழும்பைப் பார்த்துவிட்டு, "ஆனா ஒரு கண்டிஷன். ஒன் இஷ்டத்துக்குதான் நடக்கணும். வூட்டுக்காரங்க அவசரப்படுத்தறாங்கன்னு ஓடாத" என்று சொன்னார்.

அம்சவேணி இஷ்டத்துக்குத்தான் நடந்தது. வேலைக்கு வந்ததும் பெண்கள் முதலில் உட்கார்ந்து டிபன் சாப்பிட வேண்டும். சாப்பிடாதவர் கையில் வாளி கிடையாது. சூடான எதுவும் பாதி வாளிக்கு மேல் போகாது. சமையற்கட்டுக்குப் போகும் வழி ஒன்று, வரும் வழி ஒன்று. எதிரெதிரே யாரும் மோதிக்கொள்ள மாட்டார்கள். நைலக்ஸ் புடவை கட்டிக்கொண்டு அடுப்புப் பக்கம் போகக்கூடாது. மெரூன் நிறத்தில் பருத்திப் புடவை எடுத்து எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுத்தார். முந்தானையைச் சுற்றிச் செருகிப் பின் குத்திக்கொள்ள வேண்டும். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்கள் இலை போட்டுத் தண்ணீர் பாட்டில் வைத்தால் போதும். மாப்புக் குச்சியோடு ஒரு பெண் பந்தி முடியும்வரை தரையைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டார். சிலிண்டரைப் படிக்கட்டுக்கு அடியில் அடுக்கி வைத்திருந்த ஒரு மண்டபத்தில், அவற்றை வெளியே எடுத்துப் போகும்வரை இலையைப் பிரிக்க மாட்டேன் என்று அம்சவேணி நின்றுவிட்டார். ஜியாவுல்லா பாயும் அவரோடு சேர்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு மண்டபத்து ஆட்களே உருட்டிக்கொண்டு போனார்கள்.

இத்தனை செய்தும் கால் வழுக்குவது மட்டும் நிற்கவில்லை. நெய் சிந்தினால், பாயசம் சிந்தினால், மாப்பு வருவதற்குள் ஒருவர் மிதித்துவிடுவார். செருப்பு போட்டாலும் வழுக்கல், வெறுங்காலும் வழுக்கல். நல்ல வேளையாகப் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அம்சவேணி ஓடிப்போய் யார் காலில் என்ன பட்டது என்று பார்த்தார். கடைசியில் ஷூ கம்பெனியில் தனக்கு சூப்பர்வைசராக இருந்தவரைத் தேடிப் போனார்.

இஷ்தியாக் அகமது இப்போது பேரணாம்பட்டில் சொந்தமாகச் சின்ன யூனிட் வைத்திருக்கிறார். பெரிய கம்பெனிகளுக்கு சோல் ஒட்டித் தரும் வேலை. அம்சவேணியைப் பார்த்ததும் நாற்காலி போட்டு டீ சொன்னார்.

"ஷூவா? யாருக்கு?"

"எங்க செட்டுக்கு சார். ஈரத்துல வழுக்கக்கூடாது."

"தோல்ல வோணும்னா நாளைக்கே தர்றேன். ஆனா பந்தியில தோல போட்டுகினு நடந்தா உங்காளுங்க வுடுவாங்களா?"

"அதான் சார் பேஜார். தோலு ஆவாது. கனமா இருக்கக்கூடாது, டக்கு டக்குன்னு சத்தம் வரக்கூடாது. தெனம் தோச்சிப் போடணும். பாத்தா ஷூ மாதிரியும் தெரியக்கூடாது."

இஷ்தியாக் அகமது டீயை வைத்துவிட்டுச் சிரித்தார். "அப்ப ஒனக்கு வோண்டியது ஷூ இல்லம்மா. புதுசா ரெண்டு காலு."

சிரித்தாரே தவிர விடவில்லை. கெட்டியான கேன்வாஸ் துணியை வரவழைத்து, புடவைக்குப் பொருத்தமாக மெரூன் சாயத்தில் எடுத்துக் கொடுத்தார். அம்சவேணியே மிஷினில் உட்கார்ந்தார். வருஷக்கணக்காகத் தொடாத மிஷின். பெடலில் கால் வைத்ததும் கை தானாக ஓடியது என்கிறார். தையல் முடிந்து முதல் ஜோடிக்கு சோல் ஒட்டியதும், யூனிட்டின் பின்பக்கக் கடப்பைக் கல்லில் எண்ணெயும் சோப்புத் தண்ணீரும் ஊற்றி, கலையரசி கையில் பச்சைத் தண்ணீர் வாளியைக் கொடுத்து நடக்கச் சொன்னார்கள். வேலை செய்துகொண்டிருந்தவர்களெல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். கலையரசி இரண்டாவது அடியிலேயே சறுக்கி உட்கார்ந்தார். வாளித் தண்ணீர் இஷ்தியாக் அகமதுவின் பேன்ட்டில்.

"நல்லவேளை தால்ச்சா இல்ல" என்றார் அவர், பேன்ட்டைப் பிழிந்துகொண்டே.

அப்புறம் குடோனில் தேடி வேறொரு சோலை எடுத்துவந்தார். ஏதோ ஒரு வெளிநாட்டு ஓட்டல் சமையல்காரர்களுக்கென்று செய்து, ஆர்டர் ரத்தாகிக் கிடந்தது. அடியில் சின்னச் சின்னக் குழிகள். அதைப் போட்டுக்கொண்டு கலையரசி நடந்தார், திரும்பினார், வேண்டுமென்றே வேகமாக நடந்தார். "அக்கா, தரை என்ன புடிச்சிக்குது!" என்று கத்தினார்.

மூட்டை மூட்டையாகக் கிடந்த அந்த சோல்களை இஷ்தியாக் அகமது எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். "அங்க யாரோ சமையல்காரனுக்குன்னு செஞ்சோம். இங்க நம்ம பொம்பளைங்க போட்டுக்கட்டும். இதுவும் அதே வேலைதான."

ஷூவுக்கென்று அம்சவேணி ஒரு ஒழுங்கு வைத்தார். துவைத்துக் காயவைத்துத் துணிப்பையில் போட்டு எடுத்துவர வேண்டும். சாப்பாட்டுக் கூடத்துக்குள் கால் கழுவிவிட்டு வந்த பிறகே போட வேண்டும். வாசலைத் தாண்டும்போது கழற்றிவிட வேண்டும். தெரு மண் அதில் படவே கூடாது.

ஆம்பூரில் நடந்த விசேஷங்களில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குடியாத்தத்தில்தான் சிக்கல் வந்தது.

லுங்கி நெய்யும் பவர்லூம் வைத்திருக்கும் சாமிநாதன் வீட்டுக் கல்யாணம். கல்யாணப் பெண் அவருடைய மகள் தமிழினி. சாமிநாதனின் அக்கா ராஜம்மாள்தான் அந்த வீட்டில் கடைசிச் சொல். அம்சவேணி வழக்கம்போல ஒரு வாரம் முன்னதாகவே மண்டபத்தைப் பார்த்துவிட்டுத் தறிக்கூடத்துக்குப் போய்ச் சாமிநாதனிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஐப்பசி மாசம், மழை வரலாம், வாசலில் சாக்கு போட வேண்டும், பெண்கள் துணி ஷூ போட்டுப் பரிமாறுவார்கள். தறிகள் தடதடத்துக்கொண்டிருந்தன. சாமிநாதன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "எது பண்ணாலும் பாத்துப் பண்ணுங்கம்மா" என்றார். ஷூ என்ற வார்த்தை தறிச் சத்தத்தில் அவர் காதில் விழவே இல்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

முகூர்த்தம் முடிந்தது. முதல் பந்திக்கு இலை போட்டாயிற்று. ராஜம்மாள் கூடத்தை ஒரு பார்வை பார்க்க வந்தார். பெரிய கரைப் பட்டுப் புடவை, மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. அவர் கண் பெண்களின் காலில் போய் நின்றது.

"இன்னாம்மா இது? இலை போட்ட எடத்துல ஷூவா?"

"தோல் இல்லீங்கம்மா. துணி. வழுக்காம இருக்கறதுக்கு. இது தெருவையே பாக்காத ஷூவுங்க."

"எதுவா இருந்தா இன்னா? அன்னம் வைக்கற எடம். கழட்டச் சொல்லு."

கலையரசி பின்னாலிருந்து, "வர்றவங்கல்லாம் செருப்போடதான வந்து உக்கார்றாங்க" என்று முணுமுணுத்தார். அம்சவேணி திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

"சரிங்கம்மா, கழட்டிடறோம்" என்றார் அம்சவேணி. "ஆனா ஒன்னு மட்டும் கேட்டுக்கறேன். ஷூ இல்லாம சாம்பார், ரசம், பாயசம் மூணையும் நான் வேகமாக் குடுக்க மாட்டேன். தள்ளுவண்டியில வெச்சித் தள்ளிகினு வந்து, நின்னு நின்னுதான் ஊத்துவோம். பந்தி கொஞ்சம் லேட்டாவும். நீங்க கோச்சிக்கக் கூடாது."

ராஜம்மாள் இப்படி ஒரு பதிலை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. "லேட்டாவட்டும்" என்று சொல்லிவிட்டு, கூடத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

வேண்டாம் என்று யாராவது சொன்னால் என்ன செய்வது என்பதையும் அம்சவேணி முன்பே யோசித்து வைத்திருந்தார். தள்ளுவண்டி தயாராக இருந்தது. பெண்கள் ஷூவைப் பையில் போட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்கினார்கள். இனிப்பு, வடை, பொரியல் எல்லாம் வேகமாக ஓடின. சாம்பார் மட்டும் வண்டியில் நின்று நின்று வந்தது. யாருக்கும் அவ்வளவு அவசரம் இல்லை. முதல் பந்தி நல்லபடியாக முடிந்தது.

இரண்டாம் பந்திக்கு மழை வந்தது.

சாதாரண மழை இல்லை. பந்தலில் நின்றிருந்த கூட்டமெல்லாம் ஒரேயடியாகச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் வந்தது. குடை, நனைந்த வேட்டி, சேறு மிதித்த கால்கள். வாசலில் போட்ட சாக்குகள் கொஞ்ச நேரத்திலேயே ஊறிப்போயின. மாப்புக் குச்சியோடு நின்ற பெண்ணுக்குத் துணையாக இன்னொருவரை அம்சவேணி அனுப்பினார். அப்படியும் வரிசைகளுக்கு நடுவே தண்ணீர் பளபளத்தது. கூட்டத்தில் தள்ளுவண்டி நகர இடமில்லை. வேறு வழியில்லாமல் கலையரசி ரசத் தூக்கைக் கையில் எடுத்தார். கால்வாசிதான் இருந்தது. இருந்தாலும் கொதிக்கும் ரசம்.

ராஜம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தார். கலையரசி வரிசை நடுவில் ஒரு காலைத் தூக்கி, எதிரே இருந்த தரையைத் தடவிப் பார்த்து, அப்புறம்தான் ஊன்றினார். மறுபடி ஒரு கால். மறுபடி தடவல். ஆழம் தெரியாத ஆற்றில் இறங்குகிறவர் மாதிரி இருந்ததாம். இரண்டு பக்கமும் குழந்தைகளோடு ஜனம். ராஜம்மாள் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"ஏ பொண்ணு, அப்படியே நில்லு. அத கீழ வெய்யி."

கலையரசி தூக்கை மேஜையில் வைத்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ராஜம்மாள் அம்சவேணியிடம் கை நீட்டினார்.

"அந்த ஷூவ எடு."

அம்சவேணி பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ராஜம்மாள் அதைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கத்தை விரலால் துடைத்து, விரலைப் பார்த்தார். பிறகு மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தார்.

"தோல் வாசன இல்ல."

"சோப்பு வாசனதாங்கம்மா வரும்."

"யாரு தச்சது?"

"நான்தாம்மா."

நெசவு வீட்டில் பழகிய அவருடைய விரல் தையல் ஓரமாக ஓடியது. "தையல் நல்லா கீது" என்றார். அப்புறம் குரலை உயர்த்தினார். "போட்டுக்கோங்க. எல்லாரும் போட்டுக்கோங்க. எங்க வூட்டுக் கல்யாணத்துக்கு வந்து ஒருத்தி காலு வெந்துகினு போனா, எங்க பொண்ணு நல்லா இருப்பாளா?"

மெரூன் ஷூக்கள் மீண்டும் இறங்கின. மழை விடவில்லை, கூட்டமும் விடவில்லை, சாமிநாதன் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். கடைசி ஆள்வரை சாப்பிட்டார்கள். யாரும் விழவில்லை. எதுவும் கொட்டவில்லை. அன்றைக்கு நடந்தது அவ்வளவுதான்.

எல்லாம் ஓய்ந்த பிறகு செட்டுப் பெண்கள் சாப்பிட உட்கார வேண்டிய நேரம். வழக்கமாக அவர்களே போட்டுக்கொண்டு சாப்பிடுவார்கள். ராஜம்மாள் வந்து, "யாரும் எழுந்திருக்கக் கூடாது. நான் போடறேன்" என்று பாயசத் தூக்கை எடுத்துக்கொண்டார்.

அம்சவேணி பதறி எழுந்தார். "அம்மா, தரை இன்னும் ஈரமா கீது. வோணாம். நீங்க உக்காருங்க."

"காலைலேந்து உக்காந்துகினேதான் கீறேன். வுடு."

"அப்ப இதப் போட்டுக்கோங்க" என்று சொல்லி, அம்சவேணி தன் காலிலிருந்து ஷூவைக் கழற்றி, அடியை ஒரு துணியால் துடைத்து, அவர் முன்னால் வைத்தார். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது.

ராஜம்மாள் ஷூவைப் பார்த்தார். பட்டுப் புடவையைக் கொஞ்சம் தூக்கினார். கலையரசியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை நுழைத்தார், அப்புறம் மறுகாலை. கொஞ்சம் பெரிதாக இருந்தது. இரண்டடி நடந்து பார்த்தார். முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"மெத்துனு கீதேடி!"

பட்டுப் புடவையும் மெரூன் ஷூவுமாக அவர் ஒவ்வொரு இலையாகப் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தார். கல்யாணப் பெண் தமிழினி மாலையோடு ஓடிவந்து போனில் படம் எடுத்தார். சாமிநாதன் வாசலில் நின்று, "அக்கா, இன்னா இது?" என்றார்.

"ஒனக்கு இன்னா? போய் அப்பளம் எடுத்துகினு வா. இந்தப் பொண்ணுங்க இலையில அப்பளம் இல்ல பாரு."

சாமிநாதன் போய் எடுத்துவந்தார். மாப்பிள்ளை வீட்டாரில் இரண்டு பேர் பரிமாறச் சேர்ந்துகொண்டார்கள். ராஜம்மாள் அம்சவேணியின் இலைக்கும் வந்து பாயசம் ஊற்றினார். "எத்தினி பந்தி போட்டிருக்கேன். எனக்கு யாரும் இலைக்கு வந்து, போதுமா இன்னும் வோணுமான்னு கேட்டதில்ல. அந்தம்மா கேட்டாங்க" என்று என்னிடம் சொன்னபோது அம்சவேணிக்குக் கண் கலங்கியது.

தமிழினி எடுத்த படம் போன் போனாகச் சுற்றியது. இப்போது குடியாத்தத்திலும் வேலூரிலும், "அந்த ஷூ போட்ட செட்டுதான் வோணும்" என்று கேட்டு வருகிறார்கள். வேறு செட்டுக்காரர்கள் இஷ்தியாக் அகமதுவிடம் போய்க் கேட்க, குடோனில் இருந்த பழைய சோல் தீர்ந்து, அவர் புதிதாக அச்சு வாங்கியிருக்கிறார். மேல்பாகம் தைக்கும் வேலை அம்சவேணியின் தெருவுக்கு வந்திருக்கிறது. விசேஷம் இல்லாத மாதங்களில் பெண்கள் அதைத் தைக்கிறார்கள்.

"அதற்கப்புறம் யாருக்குமே ஒன்றும் ஆகவில்லையா?" என்று நான் கேட்டேன்.

"அப்படிச் சொல்ல மாட்டேங்க. கையில ஆவி பட்டுச்சி ஒருத்திக்கு. ஒருத்திக்கு வெயில் காலத்துல மயக்கம் வந்துச்சி, ஒடனே ஒக்கார வெச்சி மோர் குடுத்தோம். ஆவும். ஆவறத கம்மி பண்ணலாம், அவ்ளோதான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் தனியா ஒன்னும் பண்ணலீங்க. பாய் அன்னிக்கு அடுப்ப வுட்டுட்டு வந்தாரு. சார் சோலு குடுத்தாரு. இவ வழுக்கி வுழுந்து காட்டினா" என்று கலையரசியைக் கைகாட்டினார்.

"நல்லா வுழுந்தேன்" என்றார் கலையரசி.

விசேஷம் முடிந்ததும் வேன் ஒவ்வொரு தெருவாகப் பெண்களை இறக்கிவிட்டுக்கொண்டு வரும். அவரவர் வாசலுக்குள் போகும்வரை வேன் நிற்கும். கடைசியாக இறங்குகிறவர் அம்சவேணி. செங்கல்வராயன் கதவைத் திறந்து, "இன்னா ஆச்சி இன்னிக்கு?" என்று கேட்பார்.

"ஒன்னும் ஆவல" என்று சொல்லிவிட்டு, அம்சவேணி கால் கழுவி வந்து, சாமி படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் படுக்கப் போவார்.